புதிதாகப் பாடம் எடுக்க வரும் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

கல்லூரிப் பணியில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகங்கள் மாணவருக்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. ஆனால் அந்த மாற்றம் எப்போதும் தாமதமாகவே வருகிறது. புதிய வகை மாணவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் பாடத்திட்டமும் தேர்வும் அவரைக் கவனிக்கத் தொடங்குகின்றன. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவர் வகுப்பு ஆசிரியர். மாணவர் எப்படி மாறியிருக்கிறார், போட்டி எங்கிருந்து வருகிறது, நிறுவனங்கள் அதற்கு என்ன செய்கின்றன, ஒரு வகுப்பு நேரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்ற நான்கும் பணியின் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டியவை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளை வைத்தே இவற்றைப் பார்ப்பது நல்லது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பார்த்த கல்லூரிகள் நாட்டில் அதிகம் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது ஆகியவை அதன் வேலைகள். பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. இன்றும் இணைப்புக் கல்லூரி ஆசிரியர், வேறொருவர் வகுத்த பாடத்தை, வேறொருவர் எடுக்கும் வினாத்தாளுக்காக நடத்துவது அந்தப் பிரிவினையின் தொடர்ச்சிதான். இந்த அமைப்பு யாருக்காக உருவானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அன்று கல்லூரிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். ஆங்கிலம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. படித்த குடும்பங்களிலிருந்து வந்தார்கள். அரசு அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனார்கள். வகுப்பில் புரியாமல் விட்டதைச் சொல்லிக்கொடுக்கப் பலருக்கு வீட்டிலேயே ஒருவர் இருந்தார். ஆசிரியர் மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசுவதும், மாணவர் குறிப்பெடுப்பதும், முடிவில் ஒரே தேர்வு எழுதுவதும் அந்த மாணவருக்குப் போதுமானதாக இருந்தன.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் டிரோ 1973-இல் உயர்கல்வியின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். உரிய வயதினரில் 15 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் கல்லூரிக்கு வந்தால் அது மேட்டுக்குடிக் கல்வி. 15 முதல் 50 வரை பரவலான கல்வி. 50-ஐத் தாண்டினால் அனைவருக்குமான கல்வி. எண்ணிக்கை கூடுவது மட்டும் இங்கே நடப்பதில்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, தேர்வு, ஆசிரியர் மாணவர் உறவு எல்லாமே மாற வேண்டியிருக்கும் என்பதுதான் டிரோ சொன்னதன் சாரம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களை வைத்துக் கணக்கிட்ட மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. டிரோவின் மூன்றாம் கட்டத்தின் வாசலில் தமிழ்நாடு நிற்கிறது. தேர்வு முறையும் வகுப்பறையும் பல இடங்களில் இன்னும் முதல் கட்டத்திலேயே இருக்கின்றன. கல்லூரிகளில் அன்றாடம் கேட்கும் குறைகளில் பாதி இந்த இடைவெளியிலிருந்து பிறப்பவை.

இந்த 47 தானாக வந்துவிடவில்லை. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவை ஒவ்வொன்றும் கல்லூரி வாசலை அகலப்படுத்தின. வாசலைக் கடந்து வகுப்புக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது என்பது ஆசிரியரின் பொறுப்பு.

அப்படி வரும் ஒரு மாணவரை அருகில் பார்த்தால் மற்றவை விளங்கும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் இயற்பியல் படித்தவர். திசைவேகம், முடுக்கம், உந்தம் என்ற சொற்களை நன்றாகவே அறிந்தவர், கணக்கும் போடுவார். கல்லூரியில் முதல் வாரம் வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமெண்டம் என்று காதில் விழுகிறது. தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் ஆசிரியர் பேசுகிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவதைப் பார்த்துத் தானும் தலையாட்டுகிறார். மாலையில் ஊருக்குப் போகும் டவுன் பஸ் ஒன்றுதான். அதை விட்டால் நூலகத்தில் உட்காரலாம், ஆனால் வீடு போய்ச் சேர முடியாது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார். அடுத்த நாள் முதல் வகுப்பில் தூங்கிவிழுகிறார். முதல் இன்டெர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்பதால், முதல் தேர்வில் தடுமாறுவது சகஜம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. செமஸ்டர் முடிவில் இரண்டு அரியர். மூன்றாம் செமஸ்டரில் அது ஐந்து. இந்த மாணவரைச் சுமார் ரகம் என்று ஒதுக்குவது எளிது. நடந்ததோ, ஒருவருக்குத் தெரிந்ததும் அவரிடம் கேட்கப்பட்டதும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனதுதான்.

இனி போட்டி. முதல் போட்டி கல்லூரிகளுக்கிடையிலேயே எழுந்தது. பொறியியலில் சுயநிதிக் கல்லூரிகள் 1984-இல் தொடங்கின. ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. இடங்கள் பெருகியபோது நிலைமை தலைகீழானது. முன்பு மாணவர் கல்லூரியைத் தேடினார்; பின்னர் கல்லூரி மாணவரைத் தேட வேண்டியதாயிற்று. இடங்கள் நிரம்பாமல் மூடிய கல்லூரிகளும் உண்டு. கவுன்சிலிங்கில் மாணவர் ஒரு கல்லூரியைத் தேர்வதற்கு முன் குடும்பம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு: எந்தப் பிரிவில் இடம், எவ்வளவு ப்ளேஸ்மென்ட். இந்த இரண்டு கேள்விகளும் கல்லூரிகளின் நடத்தையை வெகுவாக மாற்றிவிட்டன.

இரண்டாவது போட்டி தொலைவிலிருந்து வந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. வேலையில் இருந்துகொண்டே தபாலில் வந்த பாடங்களைப் படித்து, விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகளுக்குப் போய்ப் பட்டம் பெற்றவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. அதற்கு வெகு முன்பே, பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரசப் பட்டயம் பெற்று 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொண்டு முடிவில் தரமான தேர்வு வைப்பது என்ற ஏற்பாட்டை உலகுக்குக் காட்டியது. வாசல் அகலமாக இருக்கலாம், வெளியேறும்போது தரம் குறையக் கூடாது என்ற அந்த ஏற்பாடு பின்வந்த பலவற்றுக்கு அடிப்படை.

மூன்றாவது போட்டி இணையத்திலிருந்து வருவது. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இலவசமாக வெளியிடப்போவதாக 2001-இல் அறிவித்தது. இந்தியாவில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் தேர்வெழுதிச் சான்றிதழும் பெறலாம். ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. அதன்பின் ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவர் தன் ஆசிரியர் காலையில் நடத்திய பாடத்தையே இரவில் ஐஐடிப் பேராசிரியர் நடத்தக் கேட்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆசிரியர் இதைத் தனக்கு எதிரான போட்டியாக நினைக்க வேண்டியதில்லை. காணொளிக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. எந்த இடத்தில் மாணவரின் கண்ணில் ஒளி போகிறது என்று பார்க்கவும், அங்கேயே நிறுத்தி வேறு விதமாகச் சொல்லவும் வகுப்பில் நிற்பவரால்தான் முடியும். வெறும் தகவலைத் தருவதாக இருந்தால் அவருக்கு இனி வேலை இல்லை. தகவலைப் புரிதலாக மாற்றுவதாக இருந்தால் அவருடைய வேலை முன்பைவிடப் பெரியது.

இந்தப் போட்டியில் ஒரு நிறுவனம் தன்னை எப்படி நன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பதற்குச் சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு எடுத்துக்காட்டு. 2020-இல் அறிவிக்கப்பட்ட இந்த இணையவழிப் படிப்பில் சேர ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். விண்ணப்பித்தவருக்கு முதலில் நான்கு வாரப் பாடங்கள் தரப்படும். வாராந்திர ஒப்படைகளைச் செய்து, தகுதித் தேர்வை எழுதி, குறித்த மதிப்பெண் எடுத்தவர் உள்ளே வரலாம். இத்தனை இடம்தான் என்ற வரம்பு இல்லை. அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா, பிஎஸ்சி, பிஎஸ் என்று படிப்படியாக எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. தேர்வை மட்டும் நேரில், தேர்வு மையத்துக்கு வந்துதான் எழுத வேண்டும். இங்கே மாறியது வழி. போய்ச் சேர வேண்டிய ஊர் மாறவில்லை. முன்பு கற்றதைச் சோதித்து வடிகட்டுவதற்குப் பதிலாக, முதலில் கற்றுக்கொடுத்து, பிறகு சோதிக்கிறார்கள். எந்தச் சீர்திருத்தத்தையும் இந்த ஒரே கேள்வியால் எடைபோடலாம்: மாறுவது வழியா, ஊரா?

மற்ற நிறுவன மாற்றங்களை இதே கேள்வியோடு பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி முறை 1978-இல் வந்தது. சென்னை லயோலா கல்லூரியும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அதை முதலில் பெற்றவற்றில் அடங்கும். தன் மாணவருக்கு ஏற்பப் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வையும் தானே நடத்தும் உரிமை அது. பாடம் நடத்துபவரும் வினாத்தாள் எடுப்பவரும் ஒருவரே என்றானால் 1857-இன் பிரிவினை நீங்குகிறது. அதே உரிமை, பழைய பாடத்திட்டத்தை அட்டை மாற்றி அச்சிடவும் பயன்படலாம். விருப்பத் தெரிவு அடிப்படையிலான கிரெடிட் முறை மாணவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஒரு துறையில் ஆசிரியர் நான்கு பேர்தான் என்றால், பட்டியலில் பத்து விருப்பப் பாடங்கள் இருந்தாலும் நடப்பது ஒன்றுதான்.

விளைவு சார்ந்த கல்விமுறையும் அப்படியே. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டி, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்று எழுதி வைப்பது கட்டாயமாயிற்று. நல்ல கேள்வி அது. நடைமுறையில் அது, பாட விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்திக் காட்டும் சிஓ-பிஓ மேப்பிங் என்ற எக்செல் தாளாகச் சுருங்கிவிடுவதைப் புதிய ஆசிரியர் முதல் செமஸ்டரிலேயே காண்பார். தாளை நிரப்பாமல் இருக்க முடியாது. ஆனால் நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம்: இந்த யூனிட் முடிந்ததும் என் மாணவர் எந்தக் கணக்கை, எந்தச் சுற்றை, எந்தப் பத்தியைத் தனியாகச் செய்வார்? அந்த வாக்கியம் எழுத வரவில்லையென்றால் அந்த யூனிட்டை எப்படி நடத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

புதிய பிரிவுகள் தொடங்குவது போட்டியின் மிக வெளிப்படையான விளைவு. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்ற பெயர்களில் இடங்கள் பெருகியிருக்கின்றன. சிவில், மெக்கானிக்கல் துறைகளில் இடங்கள் குறைந்திருக்கின்றன. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் ஆசிரியரும் ஆய்வகமும் அமைவதில்லை. திறன் பயிற்சிக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம், தொழில்துறைப் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரு பாடங்களை முதலாண்டுப் பொறியியலில் சேர்த்தது. மாணவர் வேலைக்குத் தயாராக வேண்டும் என்ற தேவையும் தன் மண்ணை அறிந்திருக்க வேண்டும் என்ற தேவையும் ஒரே பாடத்திட்டத்தில் இடம் கேட்கும் காலம் இது. நேரம் மட்டும் கூடுவதில்லை. ஒன்று சேர்ந்தால் மற்றொன்று சுருங்கும். எது சுருங்கினாலும் அடித்தளப் பாடங்கள் சுருங்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் கடமை. கணிதம் ஊன்றாத மாணவருக்கு இன்றைய மென்பொருளை மட்டும் கற்றுக்கொடுத்தால், அந்த மென்பொருள் மாறும் நாளில் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

மாற்றத்தின் கனமான பகுதி வகுப்பறைக்குள் நடப்பது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், மாணவர்கள் தன்னைப் பாராட்டியதாலும் கடினமான கணக்குகளைப் போட்டதாலும், தான் நன்றாகக் கற்பிப்பதாகவே நம்பியிருந்தார். டேவிட் ஹெஸ்டனஸ் முதலியோர் வடிவமைத்த, கணக்கே இல்லாத எளிய கருத்துத் தேர்வு ஒன்றை வைத்தபோதுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். பாடம் தலைக்குள் ஓர் அறையிலும் உலகம் இன்னோர் அறையிலும் இருந்திருக்கின்றன. அதன்பின் மசூர் விரிவுரையைக் குறைத்து, வகுப்பு நடுவே ஒரு கேள்வி கேட்டு, மாணவர்களை அருகில் இருப்பவரோடு விவாதிக்க வைக்கும் முறைக்கு மாறினார்.

இந்த முறைக்குக் கருவிகள் வேண்டாம். அறுபது பேர் உட்கார்ந்த நம் வகுப்பிலேயே செய்யலாம். ஒரு பந்து நேராக மேலே எறியப்படுகிறது. உச்சியில் அதன் முடுக்கம் எவ்வளவு? விடை சுழி என்றால் ஒரு விரல். கீழ்நோக்கி ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், என்றால் இரண்டு விரல். மேல்நோக்கி ஜி என்றால் மூன்று விரல். விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொன்னால் அடுத்தவரைப் பார்த்துக் காட்டுவது குறையும். இந்தக் கேள்விக்கு ஒரு விரல் காட்டுபவர்கள் எந்த வகுப்பிலும் நிறைய இருப்பார்கள். ஆசிரியர் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்ல வேண்டும். பேச்சு தமிழில் நடக்கும். “மேல போயி நின்னுடுச்சுல்ல, அப்புறம் என்ன முடுக்கம்?” என்பார் ஒருவர். “நின்னுடுச்சுன்னா அங்கயே தொங்கிக்கிட்டு இருக்கணுமே, ஏன் கீழ வருது?” என்று மற்றவர் கேட்பார். அந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்டிருந்தால் குறிப்பேட்டுக்குப் போயிருக்கும். நண்பர் கேட்டதால் மண்டைக்குள் போகிறது. மறுபடி விரல் காட்டச் சொன்னால் கணக்கு மாறியிருக்கும். அதன்பின் ஆசிரியர் பேசும் மூன்று நிமிடத்துக்கு வகுப்பே காது கொடுக்கும், ஏனென்றால் இப்போது விடை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

இது ஒருவரின் அனுபவத்தோடு நிற்கும் செய்தி அன்று. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர் ஏதாவது செய்தபடி கற்ற வகுப்புகளில் தோற்றவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு. அறுபது பேர் வகுப்பில் அந்த வித்தியாசம் ஏழு பேர். முன்பு பார்த்த, டவுன் பஸ்ஸில் வரும் மாணவர் அந்த ஏழு பேரில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும்; தானே முயன்று தடுமாறும்போது ஒன்றும் புரியாததுபோல் இருக்கும். மாணவர் கருத்துப் படிவத்தில் வரும் மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை எடைபோடும் கல்லூரியில் இது புதியவரைப் பயமுறுத்தும். முதல் வாரத்திலேயே, தடுமாறுவது கற்பதன் அடையாளம் என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடுவதே இதற்கு வழி. சொல்லிச் செய்தால் ஏற்பார்கள்.

தேர்வையும் கற்பிக்கும் கருவியாக்கலாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்தினார்கள். முதல் நாள் இரவு பாடத்தைப் புரட்டி, டூ மார்க் கேள்விகளை ஒப்பித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பழக்கத்துக்கு இதில் விடை இருக்கிறது. செமஸ்டரில் மூன்று பெரிய இன்டெர்னல் தேர்வுகளை மட்டும் நம்பாமல், வாரம் ஒருமுறை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவைத்து இரண்டு கேள்விக்கு எழுதச் சொல்லலாம். அதற்கு மதிப்பெண் வேண்டாம். தாளை அடுத்த வகுப்பிலேயே திருப்பித் தர வேண்டும். மூன்று வாரம் கழித்து வரும் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதிய எதையும் மாணவர் படிப்பதில்லை. அதற்குள் வகுப்பு வேறு யூனிட்டுக்குப் போயிருக்கும்.

மொழி தனியாகப் பேச வேண்டிய பொருள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. ஆயினும் பெரும்பாலானவர்கள் ஆங்கில வழியையே தேர்கிறார்கள். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற அவர்களின் எண்ணத்தைத் தவறென்று சொல்ல முடியாது. ஆசிரியர் செய்யக்கூடியது, இரண்டு மொழிக்கும் நடுவே பாலம் போடுவது. ஒவ்வொரு யூனிட்டின் தொடக்கத்திலும் பலகையின் ஓரத்தில் பத்துச் சொற்களை இரு மொழியிலும் எழுதி வைத்தால் போதும்: ஆக்சிலரேஷன் என்பது முடுக்கம், மொமெண்டம் என்பது உந்தம், டென்சிட்டி என்பது அடர்த்தி. தமிழ் வழியில் வந்தவருக்கு, பள்ளியில் கற்ற அறிவியல் வீணாகவில்லை என்று அந்தப் பத்துச் சொற்கள் சொல்லும். கருத்தைத் தமிழில் விளக்கி, பிறகு அதையே ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக எழுத வைக்க வேண்டும். தமிழில் விளக்கிவிட்டு அதோடு நிறுத்தினால் தேர்விலும் நேர்காணலிலும் அவர் நிர்க்கதியாவார். ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் புரியாமலே மனப்பாடம் செய்வார்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபின் ஒப்படை, ரெக்கார்ட் நோட், புராஜெக்ட் அறிக்கை ஆகிய மூன்றும் பழைய பொருளை இழந்துவிட்டன. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. இப்போது அதற்கு நொடி நேரம் போதும். தடை போடுவதால் இது நிற்காது. ஆய்வகத்தில் மாணவர் தன் கையால் எடுத்த அளவீடுகளுக்கு மதிப்பெண் தருவது, ஒப்படைத்த பக்கத்திலிருந்து ஒரு வரியைக் காட்டி மூன்று நிமிடம் விளக்கச் சொல்வது, கருவி தந்த விடையில் பிழை கண்டுபிடிக்கச் சொல்வது ஆகியவை பலன் தரும். வைவா வெறும் சடங்காகிப் போயிருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல காரணம் இனி வரப்போவதில்லை.

போட்டி தரும் அழுத்தத்தில் மூன்று தவறுகள் எளிதில் நடக்கும். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவதற்காக இன்டெர்னல் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது முதலாவது. அது கருணைபோல் தோன்றும். ஆனால் எது தெரியவில்லை என்று அறியும் உரிமையை மாணவரிடமிருந்து அது பறிக்கிறது. ப்ளேஸ்மென்ட் பயிற்சிக்காகப் பாட நேரத்தை வெட்டுவது இரண்டாவது. நேர்காணலில் கேட்கப்படும் அடிப்படைக் கேள்விக்கு விடை, வெட்டப்பட்ட அந்தப் பாடத்தில்தான் இருக்கும். நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைச் சுற்றியே வகுப்பை நடத்துவது மூன்றாவது. அவர்கள் தலையாட்டுவதால் வகுப்பே புரிந்துகொண்டதாகத் தோன்றும். கடைசி பெஞ்சுக்கு அருகில் நின்று பாடம் எடுத்துப் பார்த்தால் இந்த மாயை ஒரே நாளில் கலையும்.

முதல் செமஸ்டருக்கு ஒரு நடைமுறை ஒழுங்கு போதும். முதல் வகுப்பில் சிலபஸைப் படித்துக் காட்டுவதற்குப் பதிலாக, பாடத்துக்குத் தேவையான முன்னறிவிலிருந்து பத்து எளிய கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்து, எழுதி வாங்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாள்கள் சொல்லும். இரண்டாம் வாரத்துக்குள் எல்லார் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் யார், தொலைவிலிருந்து வருபவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் தேர்வில் தவறியவர்களை மூன்றாம் நாளே அழைத்து, விடைத்தாளை எதிரில் வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். அரியர் விழுந்த பிறகு சொல்லும் அறிவுரையைவிட விழுவதற்கு முன் தரும் பத்து நிமிடம் பெரிது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: இன்று எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் தவறாக விரல் காட்டினார்கள், எந்த விளக்கத்துக்குப் பிறகு மாறினார்கள்.

அந்தக் குறிப்பேடு ஓராண்டில் நிரம்பும். இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த யூனிட் எந்த மாணவருக்கு, எந்த இடத்தில், ஏன் முட்டுகிறது என்ற சான்று அதில் சேர்ந்திருக்கும். பாடத்திட்டக் குழு கூடும்போது பொதுவாக மேசைமேல் இருப்பவை மற்றப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்ட நகல்களும் நிறுவனங்கள் கேட்கும் திறன்களின் பட்டியலும்தான். மாணவர் பற்றிய சான்று அங்கே அரிதாகவே இருக்கும். அந்தக் குறிப்பேட்டோடு ஒருவர் அங்கே போய், இந்த யூனிட்டுக்கு முன் இரண்டு வாரம் இந்த அடிப்படையைச் சேர்க்க வேண்டும், இந்த ஆய்வகப் பயிற்சி முதல் செமஸ்டருக்கு வர வேண்டும் என்று எண்ணிக்கையோடு சொன்னால், மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. பல்கலைக்கழகம் மாணவருக்கேற்ப மாறுவது அந்த மேசையில் நடக்கிறது. அங்கே வைக்க வேண்டிய தாள், வரும் திங்கட்கிழமை முதல் வகுப்பில் எழுதத் தொடங்க வேண்டியது.

அன்புடன்,
ஒரு மூத்த ஆசிரியர்